பிரியாணி முதல் உப்புமா வரை: சாப்பாட்டுச் சண்டைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டைப் பற்றிய கருத்து வேறுபாட்டை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பெரும்பாலானவற்றை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிலவற்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் பிரிக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: சண்டை என் இலையில் எது விழ வேண்டும் என்பதைப் பற்றியதா, அடுத்தவர் இலையில் எது விழக் கூடாது என்பதைப் பற்றியதா? முதல் வகையை எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டே நடத்தலாம். இரண்டாம் வகையில் யாரோ ஒருவர் பசியோடோ அவமானத்தோடோ எழுந்து போகிறார். சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே சொற்களில்தான் பேசப்படுகின்றன. ‘இதையெல்லாம் மனுஷன் சாப்பிடுவானா?’ என்ற வாக்கியத்தை உப்புமாவைப் பார்த்தும் சொல்கிறார்கள், மாட்டிறைச்சியைப் பார்த்தும் சொல்கிறார்கள்.

சீரகச் சம்பாவா, பாசுமதியா?

தமிழ்நாட்டின் மிக நீண்ட விளையாட்டுச் சண்டை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். திண்டுக்கல், ஆம்பூர்ப் பக்கத்தவர்களிடம் கேட்டால் பாசுமதியில் செய்தது பிரியாணியே அல்ல என்பார்கள். ஐதராபாத் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் சீரகச் சம்பாப் பிரியாணியைப் பார்த்து, ‘இது நல்ல தக்காளிச் சோறு’ என்று சொல்லிவிட்டுத் தப்பி ஓடுவார்கள்.

அரிசியின் இயல்பைப் பார்த்தால் இரு தரப்புக்கும் காரணம் இருப்பது புரியும். பாசுமதி நீளமான அரிசி; ஓராண்டோ அதற்கு மேலோ பழையதாக வைக்கப்பட்ட பாசுமதி வேகும்போது குறுக்கே பெருக்காமல் நீளவாக்கில் ஏறத்தாழ இரு மடங்காக நீள்கிறது. எனவே பருக்கை பருக்கையாக உதிர்ந்து நிற்பதும், குங்குமப்பூ ஊறிய சோறும் வெள்ளைச் சோறும் அடுக்கடுக்காகத் தெரிவதும் அதன் அழகு. பச்சை இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, அதன்மேல் அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பித் தம் போடும் ஐதராபாத் முறை அந்த அரிசிக்காகவே அமைந்தது போன்றது. சீரகச் சம்பாவோ பெயருக்கேற்பச் சீரகம்போலச் சின்ன அரிசி. அது கறிச்சாற்றையும் நெய்யையும் தன்மேல் நன்றாகப் பூசிக்கொள்கிறது. ஒவ்வொரு கவளத்திலும் மசாலா சீராக வருகிறது. கேரளத்தில் தலச்சேரிப் பிரியாணிக்கும் கயமா என்னும் சிற்றரிசிதான். ஆக, சிற்றரிசி தெற்கின் பழக்கம் என்று சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ‘அதுதான் பிரியாணி, மற்றது இல்லை’ என்று தாவுவதற்கு அது போதாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பாசுமதிக்கு உரிய பக்குவத்தில் சீரகச் சம்பாவை வடித்துக் குழைத்துவிட்டு அரிசியைக் குறை சொல்பவர்களின் கருத்தை இந்தச் சண்டையில் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த விளையாட்டிலும் காசு நுழையும் இடம் ஒன்று உண்டு. திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்றது. பிறகு அந்தப் பெயரை யார் வைத்துக்கொள்ளலாம் என்பது உயர் நீதிமன்றம் வரை சென்றது. அரிசியைப் பற்றி யாரும் வழக்குத் தொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

காய்கறிப் பிரியாணி என்று ஒன்று உண்டா?

இறைச்சியின் சாறும் கொழுப்பும் அரிசிக்குள் இறங்குவதே பிரியாணி என்று கொண்டால், இல்லை. அரிசியும் மசாலாவும் தம்மில் சேர்ந்து வேகும் முறையே பிரியாணி என்று கொண்டால், உண்டு. முதல் கட்சிக்காரர்கள் வழக்கமாக, ‘அதற்குப் புலாவு என்று பெயர் இருக்கிறதே’ என்பார்கள். தமிழ்நாட்டில் அதைவிட நல்ல பதில் இருக்கிறது. தேங்காய்ப் பாலும் பிரிஞ்சி இலையும் சேர்த்து, காய்கறியோடு செய்யும் பிரிஞ்சி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட பிரிஞ்சிக்கு இன்னொன்றின் பெயரை இரவல் வாங்க வேண்டிய தேவையில்லை என்பது என் தனிக் கருத்து.

இதோடு ஒட்டிய கிளைச் சண்டை குஸ்காவைப் பற்றியது. கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோற்றைக் குஸ்கா என்று வாங்கி, ‘நான் சோறு மட்டும்தான் சாப்பிட்டேன்’ என்று வீட்டில் சொல்லும் சனிக்கிழமை விரதக்காரர்களைப் பல ஊர்களில் பார்க்கலாம். அண்டாவில் துண்டு கிடந்ததா, இல்லையா என்று அவர்கள் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. இருதரப்பும் மகிழ்ச்சியாக இருக்கும் ஏற்பாட்டில் நாம் தலையிட வேண்டாம்.

பிரியாணியில் உருளைக்கிழங்கைப் போடுபவர்களை என்ன செய்வது?

கொல்கத்தாவுக்குப் போனால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். அவத் நாட்டின் கடைசி நவாபான வாஜித் அலி ஷா, 1856-இல் ஆங்கிலேயரால் பதவி நீக்கப்பட்டுக் கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் குடியேறியபோது, அவருடைய சமையல்காரர்களும் உடன் வந்தார்கள். பணத்தட்டுப்பாட்டால் இறைச்சியைக் குறைத்துக் கிழங்கைச் சேர்த்தார்கள் என்று ஒரு கதை. அக்காலத்தில் உருளைக்கிழங்கு புதுமையான பொருள் என்பதால் பெருமைக்காகவே சேர்த்தார்கள் என்று இன்னொரு கதை. எது உண்மையாயினும், இன்றைக்குக் கிழங்கு இல்லாமல் தட்டு வந்தால் கொல்கத்தாக்காரர் அதைத் திருப்பி அனுப்புவார். சாற்றில் ஊறிய அந்த ஒற்றைக் கிழங்குக்காகக் குடும்பத்துக்குள் நடக்கும் போட்டியைப் பார்த்தவர்கள், கறிக்கு மாற்றாக வந்தது என்ற கதையை எளிதில் நம்ப மாட்டார்கள்.

சாம்பாரில் வெல்லம் போடலாமா?

உடுப்பி வழிச் சமையலில் போடுகிறார்கள். கர்நாடகத்தின் பல பகுதிகளில் புளிப்பும் காரமும் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதுதான் சாம்பாரின் இலக்கணம். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போனவர்கள் முதல் வாரத்தில் எழுப்பும் கூக்குரல் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அவர்கள் ஊரின் டிபன் சாம்பாரில் பரங்கிக்காய் ஏன் போடப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதுவும் இனிப்புக்காகத்தான். சின்ன வெங்காயமும் வதங்கி வெந்தால் இனிப்பையே தருகிறது. எனவே சண்டை இனிப்பு வேண்டுமா, வேண்டாமா என்பதில் இல்லை. அது காயின் வழியாக வர வேண்டுமா, வெல்லமாகவே வர வேண்டுமா என்பதில் இருக்கிறது.

திருநெல்வேலிக் கல்யாண வீட்டு இடி சாம்பாரையும், பாசிப்பருப்பில் செய்யும் இட்லி சாம்பாரையும், பருப்பை வேகவைத்துக் கும்பகோணம் பக்கத்தில் இட்லிக்கு ஊற்றும் கடப்பாவையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால், ‘உண்மையான சாம்பார்’ என்ற சொற்றொடரைப் பயன்படுத்துவதற்கு முன் சற்றுத் தயக்கம் வரும்.

பாரம்பரியச் சமையலில் தக்காளி, மிளகாய் இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் ‘அசல்’ என்ற பெயரில் நடக்கும் சண்டைகளில் பாதி அடங்கிவிடும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498-க்குப் பிறகு, பெரும்பாலும் போர்ச்சுக்கீசியர் வழியாக, வெவ்வேறு காலங்களில் அவை இங்கே வந்து சேர்ந்தன. தக்காளி நம் வீட்டு அடுப்பில் அன்றாடப் பொருளானது அவற்றிலும் பிந்தித்தான். அதற்கு முன் காரத்துக்கு மிளகும் இஞ்சியும், புளிப்புக்குப் புளியும் மோரும் இருந்தன.

இதற்குப் புத்தகச் சான்று தேட வேண்டியதில்லை. திவசச் சமையல் நடக்கும் வீடுகளைப் பார்த்தாலே போதும். அங்கே முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, தக்காளி போன்ற ‘சீமைக் காய்கள்’ ஒதுக்கப்படும். வாழைக்காய், பாகற்காய், அவரை, சேப்பங்கிழங்கு போன்ற நாட்டுக் காய்கள் ஏற்கப்படும். மிளகாய் இருந்த இடத்தில் மிளகு வந்து உட்காரும். பல பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளிலும் இதே கட்டுப்பாடு இருக்கிறது. சடங்கு என்பது மறந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இதை வைத்துக்கொண்டு, ‘அப்படியானால் தக்காளி ரசம் போலி’ என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக நம் மண்ணில் விளைந்து, நம் கைப்பக்குவத்தில் பழகிய மிளகாயை அந்நியன் என்று சொன்னால், ஆந்திரத்துக் குண்டூருக்கும் நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் என்ன பதில் சொல்வது? அசல் என்று வாதிடுபவர் எந்த ஆண்டின் சமையலறையைச் சொல்கிறார் என்று கேட்பதே போதுமானது. பெரும்பாலும் அது அவருடைய பாட்டியின் சமையலறையாக இருக்கும். பாட்டியை மதிக்கலாம், ஆனால் வரலாறு அவரிடமிருந்து தொடங்கவில்லை.

இட்லி சப்பென்று இருக்கிறது என்று சொல்வது குற்றமா?

2020 அக்டோபரில் பிரிட்டனைச் சேர்ந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர், உலகிலேயே மிகவும் சலிப்பூட்டும் பண்டம் இட்லி என்று ட்விட்டரில் எழுதினார். எதிர்ப்பு கடல் கடந்து சென்றது. சசி தரூர்கூடப் பதில் எழுதினார். என்னைக் கேட்டால், அது குற்றம் அல்ல, முழுமையற்ற கூற்று. இட்லி தனித்து உண்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தொடாத இட்லியைச் சாப்பிட்டுவிட்டுச் சலிப்பு என்பவரிடம் கோபப்படுவதைவிட இன்னும் இரண்டு வைத்து, பொடியை அருகில் தள்ளுவது பயன் தரும்.

இட்லி தமிழருடையதா, கன்னடருடையதா என்ற சண்டையும் இதனோடு சேர்ந்தே வரும். கி.பி. 920-ஐ ஒட்டிய கன்னட நூலான வட்டாராதனையில் ‘இட்டலிகே’ வருகிறது; பன்னிரண்டாம் நூற்றாண்டின் வடமொழி நூலான மானசோல்லாசத்தில் ‘இட்டரிகா’ வருகிறது. இவை உளுந்தால் செய்யப்பட்டவை. அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் இன்றைய இட்லி அங்கே இல்லை. உணவு வரலாற்றாளர் கே.டி. அச்சயா, புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியத் தொடர்பால் வந்திருக்கலாம் என்று ஓர் ஊகத்தை முன்வைத்தார், அது ஊகம்தான். எழுத்தில் முந்திக்கொண்டவர்கள் கன்னடர்கள் என்பதை ஒப்புக்கொள்வதால் மல்லிகைப்பூ இட்லி ஒன்றும் கல்லாகிவிடாது.

உப்புமாவை இவ்வளவு பேர் ஏன் வெறுக்கிறார்கள்?

உப்புமாவை யாரும் விரும்பிச் சமைப்பதில்லை. வேறு எதுவும் இல்லாதபோது சமைக்கிறார்கள். மாவு தீர்ந்த நாள், விருந்தினர் சொல்லாமல் வந்த நாள், பயணக் களைப்பு ஆகியவற்றோடு அது மனத்தில் ஒட்டிக்கொண்டது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது, அரிசி உண்ணும் தெற்கு கோதுமைப் பக்கம் திரும்ப நேர்ந்தது, பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம் ரவா இட்லியை அந்தத் தட்டுப்பாட்டில்தான் உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தின் பழி ரவையின்மீது இன்னும் இருக்கிறது.

ரவையை நெய்யில் பொறுமையாக வறுக்காமல், கொதிக்காத நீரில் கொட்டிக் கட்டி தட்டவிட்டு, ஆறிய பின் பரிமாறினால் எவரும் வெறுப்பார்கள். வெறுப்பு சமைத்தவரைச் சேர வேண்டியது; உப்புமா வீணாகச் சுமக்கிறது. அரிசி உப்புமாவைத் தவலையில் அடிபிடிக்கச் செய்து, அந்தக் காந்தலைச் சுரண்டித் தின்றவர்கள் இந்த விவாதத்தில் கலந்துகொள்வதே இல்லை.

காபியில் சிக்கரி சேர்ப்பது கலப்படம் இல்லையா?

சொல்லிவிட்டுச் சேர்த்தால் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும். சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் இலேசான கசப்பும் தரும், ஆனால் அதில் கஃபீன் கிடையாது. நெப்போலியன் காலத்துக் கடல்வழித் தடையில் காபி கிடைக்காத ஐரோப்பியர்கள் அதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்க்கும் நம் காபியில், 20 விழுக்காடு வரையிலான சிக்கரி பாலின் கீழே டிகாக்‌ஷன் காணாமல் போகாதபடி தாங்கிப் பிடிக்கிறது. பால் இல்லாமல் குடிப்பவருக்கு அது தேவையில்லை. 49 விழுக்காடு சிக்கரியை வாங்கிவிட்டு, ‘ஸ்ட்ராங்கான காபி’ என்று பெருமைப்படுபவர்களிடம் மட்டும் உறையைப் படிக்கச் சொல்லலாம்.

கொத்தமல்லி சோப்பு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அடம்தானே?

இல்லை. கொத்தமல்லித் தழையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் சோப்பின் வாசனையிலும் உண்டு. அவற்றை உணரும் மணவாங்கிகளில் ஒன்றான ஓ.ஆர்.6.ஏ.2 என்னும் மரபணுவை ஒட்டிய வேறுபாட்டுக்கும் இந்தச் சோப்பு உணர்வுக்கும் தொடர்பு இருப்பதை 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. தொடர்பு சிறிதே, பழக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. டொராண்டோவில் இளைஞர்களிடையே நடத்தப்பட்ட வேறோர் ஆய்வில், கிழக்காசிய வழியினரில் 21 விழுக்காட்டினருக்குக் கொத்தமல்லி பிடிக்கவில்லை. தெற்காசிய வழியினரில் அது 7 விழுக்காடு.

கசப்பிலும் இப்படித்தான். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் பி.டி.சி. என்ற தூள் காற்றில் பறந்தபோது, அருகில் இருந்தவர் கடுங்கசப்பு என்றார். ஃபாக்ஸுக்கோ ஒன்றும் தெரியவில்லை. ஒரே பொருள் இரு நாவுகளில் இரண்டாக இருக்க முடியும் என்பது அன்று தற்செயலாக வெளிப்பட்டது. ஆகவே முட்டைக்கோஸைக் கண்டு முகம் சுளிக்கும் குழந்தையை அடித்துத் திருத்துவதற்கு முன், அதன் நாவில் நடப்பது நம் நாவில் நடக்காமல் இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்புள்ளி வருமா?

வராது. வெண்புள்ளி, உடலின் எதிர்ப்பாற்றல் தோலுக்கு நிறம் தரும் செல்களையே தாக்குவதால் வருகிறது. எந்த உணவுச் சேர்க்கையும் அதற்குக் காரணமல்ல. பாலையும் மீனையும் சேர்க்கக் கூடாது என்று ஆயுர்வேத நூல்கள் சொன்ன விலக்கு, காலப்போக்கில் தயிருக்கும் பரவி, நோயின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. வங்காளிகள் தயிரிலேயே மீனை வேகவைத்துத் ‘தொய் மாச்’ என்று விருந்து படைக்கிறார்கள். முந்தைய நாள் மீன் குழம்பைத் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிடுபவர்கள் நம் கடற்கரை ஊர்களிலும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இந்த நம்பிக்கையை வைத்து வெண்புள்ளி உள்ளவரிடம், ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று விசாரிப்பது விளையாட்டு அல்ல. அதை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ரசகுல்லாச் சண்டையில் யார் வென்றார்கள்?

இருவரும். நவீன் சந்திர தாஸ் 1868-இல் கல்கத்தாவில் உருவாக்கியதாக வங்காளமும், பூரி ஜெகந்நாதர் தேர்த் திருவிழாவின் முடிவில் இலட்சுமிக்குப் படைக்கும் பழம்பண்டம் என்று ஒடிசாவும் வாதிட்டன. சண்டை நடந்த இடம் நம் ஊர்: புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னைக் கிண்டியில்தான் இருக்கிறது. 2017 நவம்பர் 14 அன்று ‘பாங்ளார் ரசகுல்லா’வுக்கும், 2019 ஜூலை 29 அன்று ‘ஒடிசா ரசகோலா’வுக்கும் குறியீடு கிடைத்தது. யார் முதலில் கண்டுபிடித்தார் என்று அந்தப் பதிவகம் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்தப் பெயரில் இந்த இயல்போடு இந்தப் பகுதியில் செய்யப்படுவது இது என்று மட்டுமே பதிவுசெய்கிறது. பழனி பஞ்சாமிர்தமும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் பெற்றிருப்பது அதே பாதுகாப்பைத்தான். செய்பவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது என்பதால் இதை வெறும் வீண்சண்டை என்று தள்ளிவிட முடியாது.

பீட்சாமேல் அன்னாசிப்பழம் வைப்பதைத் தடை செய்ய முடியுமா?

ஒரு நாட்டின் தலைவரே விரும்பினார், முடியவில்லை. கிரேக்கத்தில் பிறந்து கனடாவில் குடியேறிய சாம் பனோபுலோஸ், 1962-இல் ஒண்டாரியோவின் சாத்தம் நகரில் தன் உணவகத்தில் டப்பா அன்னாசியைப் பீட்சாமேல் போட்டுப் பார்த்ததிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. 2017-இல் ஐஸ்லாந்தின் குடியரசுத் தலைவர் குவுத்னி யோஹான்னெசன், மாணவர்களிடம் தன்னால் முடிந்தால் அதைத் தடை செய்வேன் என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். உலகமே பேசத் தொடங்கியதும் விளக்கம் எழுதினார்: தனக்கு அந்த அதிகாரம் இல்லை, இல்லாததில் மகிழ்ச்சி, பிடிக்காதவற்றை எல்லாம் ஒரு தலைவர் தடை செய்யக்கூடிய நாட்டில் வாழத் தனக்கு விருப்பமில்லை. கடைசியில், பீட்சாவுக்குக் கடலுணவே நல்லது என்று ஒரு வரியையும் சேர்த்தார். தன் கருத்தையும் விடவில்லை, அடுத்தவர் தட்டையும் தொடவில்லை. அதிகாரம் உள்ளவர்கள் எல்லோரும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதால்தான் பின்வரும் கேள்விகளும் எழுகின்றன.

ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் என்ன நடந்தது?

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டது. கோழி, ஆடு எல்லாம் இருந்தன. மாட்டுப் பிரியாணிக்கும் பன்றிப் பிரியாணிக்கும் இடமில்லை. ஆம்பூரில் மாட்டுப் பிரியாணி அன்றாடம் கடைகளில் விற்கப்படும் உணவு. தலித் மக்களும் முஸ்லிம்களும் பெருமளவில் வாழும், தோல் தொழிலால் வளர்ந்த ஊர் அது. அந்த ஊரின் பெயரில் அரசு நடத்தும் விழாவில் அந்த ஊரின் உணவு விலக்கப்பட்டதை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. மழை வாய்ப்பைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. விலக்கியது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு அறிவிக்கை அனுப்பியது.

இதில் ‘இரண்டு தரப்பும் சமம்’ என்று எழுத எனக்கு மனமில்லை. மாட்டிறைச்சி உண்ணாதவருக்கு அந்தக் கடைப் பக்கம் போகாமல் இருக்கும் உரிமை முழுமையாக இருந்தது. உண்பவருக்கோ தன் ஊர் விழாவில் தன் உணவுக்கு ஒரு மேசைகூடக் கிடைக்கவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் விழாவில் இது சுவையைப் பற்றிய கருத்து வேறுபாடு அல்ல.

தனக்குச் சைவம்தான் வேண்டும் என்பதும் தனிப் பந்தி கேட்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. தமிழ்நாட்டின் அரசியல் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பமே இந்த வேறுபாட்டில் நிகழ்ந்தது. திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதியும் பொதுமக்களின் நன்கொடையும் சென்றன. அங்கே பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது 1924-25-இல் வெளியே தெரிந்ததும், அன்றைய காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். பேச்சு காந்தி வரை சென்றது. யாருக்கும் அங்கே இறைச்சி கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் உண்டது சைவம்தான். சண்டை பண்டத்தைப் பற்றியதல்ல, பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைப் பற்றியது. 1925 இறுதியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்குப் பின்னணியில் இருந்தவற்றுள் இதுவும் ஒன்று. ரயில் நிலைய உணவகங்களில் ‘பிராமணர்’, ‘இதரர்’ என்று இருந்த பிரிவு நீங்கியதும், 1957-இல் திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கு எதிராக நடந்த போராட்டமும் இதே வரிசையில் வருபவை.

பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனி வாசலும் கைகழுவும் இடமும் குறிக்கும் அறிவிப்புகள் ஒட்டப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு அகற்றப்பட்டன. தனிக் கரண்டி கேட்பதில் நியாயம் இருக்கிறது. தனி வாசல் எதற்கு?

தென்னிந்தியர் என்றாலே சைவம் என்று வெளியூர்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 97 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். வீடு வாடகைக்கு விடும்போது ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று எழுதுபவர்கள் எத்தனை பேரை வாசலில் நிறுத்துகிறார்கள் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பள்ளியில் முட்டை போடுவதை எதிர்ப்பவர்களுக்கு என்ன பதில்?

தமிழ்நாடு இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சத்துணவில் முட்டை 1989-இல் நுழைந்து, 2010-இலிருந்து வாரத்துக்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம். கர்நாடகத்தில் 2021 இறுதியில் சில வட மாவட்டங்களில் முட்டை தரத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளே எங்களுக்கு முட்டை வேண்டும் என்று கேட்டார்கள். திட்டம் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. உண்ணாத பிள்ளைக்கு மாற்று கொடுப்பது ஏற்பாடு. உண்ணும் பிள்ளைக்கும் சேர்த்து மறுப்பது, வயிறு நிறைந்தவர் பசித்தவருக்கு விதிக்கும் விரதம்.

பண்டத்தில் சண்டையே இல்லாமல் சமைத்தவரின் சாதியில் சண்டை வந்த இடங்களும் உண்டு. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், எட்டயபுரம் அருகே ஒரு பள்ளியில் 2023 செப்டம்பரில் தலித் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் பெற்றோர் தடுத்தனர், கனிமொழி எம்.பி. நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார். அந்தத் திட்டத்தின் உணவுப் பட்டியலில் உப்புமாவும் இருக்கிறது என்பதால் ஒன்று சொல்கிறேன்: உப்புமாவை வெறுக்க ஆயிரம் காரணம் இருக்கலாம், கிண்டியவரின் சாதி அவற்றில் சேராது.

விருந்து வீட்டில் பிடிக்காததைப் பரிமாறினால் எப்படிச் சொல்வது?

இலையில் விழுவதற்கு முன்பே கையைக் குறுக்கே நீட்டி, ‘போதும்மா’ என்று சொல்லிவிடுவதே முறை. விழுந்த பின் ஒதுக்கி வைத்தால் பரிமாறியவர் பார்த்துவிடுவார், காரணம் கேட்பார், காரணம் சொன்னால் இன்னொரு கரண்டி விழும். உடல்நிலையைச் சாக்காகச் சொல்லலாம், ஆனால் பிறகு பாயசத்தைத் தொடக்கூடாது. சமைத்தவரிடமே கருத்தைச் சொல்ல வேண்டிய நெருக்கம் இருந்தால், தனியாக, அடுத்த நாள், ‘அத்தை, எங்க வீட்டுல இதுல கொஞ்சம் புளி குறைப்பாங்க’ என்ற அளவில் சொல்லலாம். மாமியார் வீட்டில் அதுவும் வேண்டாம்.

இதை எழுதியவர் எந்தப் பக்கம்?

சீரகச் சம்பா. சாம்பாரில் வெல்லம் வேண்டாம், பரங்கிக்காய் இருக்கட்டும். காபியில் சிக்கரி 20-ஐத் தாண்டக் கூடாது. தயிர்ச்சோற்றில் மாதுளையும் திராட்சையும் போடுபவர்களைச் சகித்துக்கொள்கிறேன், ஆதரிக்கவில்லை. வெண்பொங்கலுக்குச் சாம்பாரைவிடக் கத்தரிக்காய்க் கொத்சுவே பொருத்தம். பூண்டு ரசத்தில் பருப்புத் தண்ணீர் சேர்ப்பதை யாரும் எனக்கு நியாயப்படுத்திக் காட்டவில்லை. அவியலில் தக்காளி போட்டவர்களோடு பேச்சுவார்த்தை இருக்கிறது. அவியல் குறித்து மட்டும் பேசுவதில்லை.